ஒரே அட்டவணையில் உள்ள இரவல் பதிவேட்டைப் பிரித்தமைத்தல்

சிறு நூலகங்களின் இரவல் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றுவோர், பேரேட்டில் இருந்தபடியே எல்லாவற்றையும் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்னும் தரவுத்தள மென்பொருளில் ஒரே அட்டவணையாக ஏற்றிவிடுவது வழக்கம். உறுப்பினர் பெயர், தொலைபேசி, முகவரி, நூல் எண், தலைப்பு, ஆசிரியர், கொடுத்த நாள், திரும்பிய நாள் என எட்டு நெடுவரிசைகள் இருக்கும். ஒருவர் நாற்பது முறை நூல் எடுத்திருந்தால் அவருடைய முகவரியும் நாற்பது இடங்களில் இருக்கும். அவர் வீடு மாறினால் நாற்பதையும் திருத்த வேண்டும்.

இதனை உறுப்பினர், நூல், இரவல் என மூன்றாகப் பிரிக்க வேண்டும். பழைய அட்டவணையே இறுதியில் இரவல் அட்டவணையாகும்; அதில் உறுப்பினர் எண், நூல் எண், இரண்டு நாள்கள் ஆகியவை மட்டுமே எஞ்சும். முதலில் கோப்பைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, படியில் மட்டுமே வேலை செய்யுங்கள்.

பிரிப்பதைவிடக் கடினமானது, யார் யார் ஒரே ஆள் என்று முடிவு செய்வதுதான். 'மு. கண்ணன்', 'மு.கண்ணன்', 'கண்ணன் மு' ஆகிய மூவரும் நமக்கு ஒருவரே. ஆக்சஸுக்கோ, ஓர் இடைவெளி கூடினாலும் வேறு ஆள். ஆகவே பெயரையும் தொலைபேசியையும் முகவரியையும் தொகுத்து எண்ணிக்கை காட்டும் குவெரி (அட்டவணையிடம் கேட்கும் வினவல்) ஒன்றை அமைத்து, பெயர்ப்படி அடுக்கியும் பிறகு தொலைபேசிப்படி அடுக்கியும் பார்த்து, வேறுபாடுகளைப் பழைய அட்டவணையிலேயே ஒன்றாக்குங்கள். தொலைபேசி எண்ணை மட்டும் நம்பி இருவரை ஒருவராக்கிவிடக் கூடாது. ஒரு வீட்டில் தாயும் மகளும் ஒரே எண்ணைக் கொடுத்திருப்பார்கள். இந்த வேலையை நாளைக்குத் தள்ளிவைத்துப் பிரித்தால், பிழைகளுக்கும் தனித்தனி உறுப்பினர் எண் கிடைத்துவிடும்.

அடுத்து, ஆட்டோநம்பர் (ஆக்சஸே எண்ணிடும்) வகையில் உறுப்பினர் எண்ணையும், அதையே முதன்மைச் சாவியாகவும் (ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் புலமாகவும்) கொண்ட புதிய உறுப்பினர் அட்டவணையை உருவாக்கி, தனித்த மதிப்புகளை மட்டும் எடுத்துச் சேர்க்கும் அப்பெண்ட் குவெரியால் பெயர், தொலைபேசி, முகவரியை அதில் சேருங்கள். நூல் அட்டவணைக்கு நூலில் எழுதியிருக்கும் எண்ணே சாவியாகப் போதும்.

பிறகு பழைய அட்டவணையில் உறுப்பினர் எண்ணுக்கு ஒரு புலம் (நெடுவரிசை) சேருங்கள். அதன் வகை நம்பர், அளவு லாங் இன்டிஜர் (முழு எண்) என இருக்க வேண்டும். ஆக்சஸ் தானாக இடும் 0 என்ற இயல்பு மதிப்பை அழித்துவிடுங்கள். பெயரையும் தொலைபேசியையும் கொண்டு இரண்டு அட்டவணைகளையும் இணைத்து, இருக்கும் வரிசைகளை மாற்றும் அப்டேட் குவெரியால் எண்ணை நிரப்பலாம். தொலைபேசி எண் இல்லாத வரிசைகள் மட்டும் நிரம்பாமல் நிற்கும். வெற்றுப் புலம் இன்னொரு வெற்றுப் புலத்துக்குச் சமம் என்று ஆக்சஸ் கொள்வதில்லை. எண் விழாத வரிசைகளை 'இஸ் நல்' (வெற்றாக உள்ளது) நிபந்தனையால் வடிகட்டிக் கையால் நிரப்புங்கள்.

இறுதியாக, ரிலேஷன்ஷிப்ஸ் சாளரத்தில் சாவிகளை இணைத்து, ரெஃபரென்ஷியல் இன்டெக்ரிட்டியை (இரவலில் வரும் எண் மற்ற அட்டவணையிலும் இருக்க வேண்டும் என்ற விதியை) கட்டாயமாக்கும் பெட்டியைக் குறியிடுங்கள். ஆக்சஸ் மறுத்தால், நூல் அட்டவணையில் இல்லாத ஒரு நூல் எண் எங்கோ இருக்கக்கூடும். கேஸ்கேட் டெலீட் பெட்டியைத் தொடாதீர்கள். அதைக் குறியிட்டால், ஓர் உறுப்பினரை நீக்கும்போது அவருடைய இரவல் வரலாறும் சேர்ந்து அழியும். மூன்று அட்டவணைகளையும் இணைக்கும் குவெரியின் வரிசை எண்ணிக்கை பழைய எண்ணிக்கையோடு ஒத்துப்போன பிறகே, பெயர், முகவரி, தலைப்பு முதலிய பழைய நெடுவரிசைகளை நீக்குங்கள்.