வத்தல் காயும் நேரத்தில் ஒரு சேலை விரிப்பு: முதல்முறை செய்பவர்களுக்கு

பங்குனி வெயில் ஏறிவிட்டால் செட்டிநாட்டில் இரண்டு வேலைகளைக் கையில் எடுக்கலாம். தோட்டத்தில் காய்த்துக் கிடப்பதை வத்தல் போடுவது ஒன்று. பெட்டிக்குள் கிடக்கும் பழைய நூல் சேலைகளை அடுக்கி, கையால் தைத்து விரிப்பாக்குவது இன்னொன்று. இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். வத்தலுக்குக் காவல் வேண்டும். காக்கை, அணில், திடீரென்று வரும் கோடைத் தூறல் என்று எதற்கும் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தாக வேண்டும். கைத்தையலுக்கு, அவசரமில்லாமல் மணிக்கணக்கில் உட்கார ஒரு சாக்கு வேண்டும். முற்றத்தில் வத்தல், அதைச் சுற்றியுள்ள வளவின் நிழலில் நீங்கள், மடியில் துணி. இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

முற்றம் இல்லாத வீடா? மொட்டை மாடியும், படிக்கட்டு அறையின் நிழலும் போதும்.

முதல்முறை என்பதால் அளவைச் சின்னதாக வைத்துக்கொள்வோம்: அரைக் கிலோ மோர் மிளகாய், குழந்தை படுக்கும் அளவில் ஒரு விரிப்பு.

மிளகாயில் தொடங்குவோம்

சதைப்பற்றான பச்சை மிளகாய் அரைக் கிலோ, நன்றாகப் புளித்த தயிர் அரை லிட்டர், கல் உப்பு 75 கிராம். இவ்வளவுதான் சாமான். உப்பைக் குறைக்க வேண்டாம். மிளகாய் காய்ந்து முடிகிற வரை கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது உப்பும் புளிப்பும்தான்.

மிளகாயைக் கழுவி, துணியில் பரப்பி, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். காம்பு இருக்கட்டும். பிறகு எண்ணெயில் பொரித்ததைப் பிடித்துக் கடிக்க அதுதான் பிடி. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, காம்புக்குக் கீழே தொடங்கி நுனிக்குச் சற்று முன்னால் வரை ஒரு பக்கம் மட்டும் கீறுங்கள். மறுபக்கம் வரை கத்தி போனால் விதை கொட்டி, மிளகாய் வெறும் தோலாகிவிடும்.

தயிரை ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுக் கடைந்து, உப்பைப் போட்டுக் கரைத்து, மிளகாயை அதில் அமுக்கி வையுங்கள். பாத்திரம் முக்கியம். பழைய வீடுகளில் மங்கு ஜாடி, அதாவது பீங்கான் ஜாடி இருக்கும். பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போனவர்கள் கப்பலில் கொண்டுவந்த சாமான்களில் அதுவும் உண்டு. ஊறுகாய்க்கும் உப்பில் போடுவதற்கும் அதற்கு நிகர் இல்லை. இல்லாதவர்கள் கண்ணாடி அல்லது எவர்சில்வரில் வையுங்கள். பித்தளையும் அலுமினியமும் கூடவே கூடாது. உப்பும் புளிப்பும் சேர்ந்தால் அந்த உலோகம் கரைந்து மோரில் இறங்கும்.

இரண்டு இரவு ஊறட்டும். நடுவில் காய்ந்த மரக்கரண்டியால் புரட்டிவிடுங்கள். மூன்றாம் நாள் காலை மிளகாயை மட்டும் வடித்தெடுத்துத் தாம்பாளத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்பி, வெயிலில் வையுங்கள். மோரைக் கொட்டிவிடாதீர்கள். சாயங்காலம் மிளகாய் திரும்பவும் அதே மோருக்குள் போக வேண்டும். பகலில் வெயில், இரவில் மோர். மிளகாய் மோர் முழுவதையும் குடித்து முடிக்க மூன்று நான்கு நாள் ஆகும். அதற்கப்புறம் வெயில் மட்டும்.

நிறத்தைக் கவனியுங்கள். பச்சை முதலில் மங்கும், அப்புறம் மஞ்சள் தட்டும், கடைசியில் வைக்கோல் நிறத்துக்கு வரும். தோலில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். வளைத்தால் மடங்காமல் ஒடிய வேண்டும். இரண்டும் சரி என்றால், ஆறவிட்டுக் காய்ந்த புட்டியில் போட்டு இறுக மூடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். பூசணம் கண்டால் மேலாக எடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ள வேண்டாம். மொத்தத்தையும் போட்டுவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருநாள் வெயில் காட்டினால் அடுத்த பங்குனி வரை கவலையில்லை.

இந்தக் கை வந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். சுண்டைக்காயை அம்மிக் குழவியால் லேசாகத் தட்டி, இதே உப்பு மோரில் போடலாம். கொத்தவரையையும் நறுக்கிய கத்தரிக்காயையும் கொதிக்கும் உப்பு நீரில் மூன்று நிமிடம் விட்டு எடுத்துக் காயவைத்தால் போதும். மாங்காயைக் கீற்றாக நறுக்கி, உப்பும் மஞ்சளும் பிசறி ஓர் இரவு வைத்துக் காயப்போடுங்கள். மாங்காய் இல்லாத மாதங்களில் அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கிற மண்டி என்ற குழம்புக்குப் புளிப்பு அதுதான்.

காயை வேகவைத்துத் தண்ணீரோடு புட்டியில் அடைத்து மாதக்கணக்கில் வைக்கிற முறையும் இருக்கிறது. முதல்முறை செய்பவர்கள் அதில் இறங்க வேண்டாம். பீன்ஸ், வெண்டை, சோளம் போன்ற புளிப்பில்லாத காய்களில் பாட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும். அதன் வித்துகள் 100 டிகிரியில் கொதிக்கிற நீரிலும் சாவதில்லை. காற்றுப் புகாத புட்டிதான் அதற்குத் தோதான இடம். மேல்நாடுகளில் இதற்கென்றே அழுத்தக் கொப்பரை வைத்து, 116 டிகிரிக்கு மேல் குறித்த நேரம் சூடேற்றுகிறார்கள். நம் வீட்டு குக்கரை அதற்கு நம்ப முடியாது. உப்பு, புளிப்பு, வெயில் என்ற வழி நமக்கு இருக்கும்போது இந்த ஆபத்து எதற்கு?

இனி துணி

மிளகாய் கீறிய கையோடு ஊசியைத் தொடாதீர்கள். காரம் நூலில் ஏறி, விரிப்பில் படுக்கும் குழந்தையின் தோல்வரை போகும். கீறுவதை மாலையில் வைத்துக்கொண்டு, தையலை மறுநாள் காலை தொடங்குங்கள்.

சேலை பழையதாகத்தான் இருக்க வேண்டும். பலமுறை துவைத்த நூல் சேலை இனிச் சுருங்காது, சாயமும் போகாது. புதுத்துணியும் பழையதும் கலந்து தைத்தால், முதல் துவையலிலேயே புதுசு சுருங்கி விரிப்பைக் கோணலாக்கும்.

காரைக்குடிக் கண்டாங்கி கிடைத்தால் விடாதீர்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை அது. அரக்கும் கடுகு மஞ்சளும் கருப்புமாகக் கட்டம் போட்ட பழைய கண்டாங்கி, வருடக்கணக்காகத் துவைபட்டபின் கையில் அவ்வளவு மெத்தென்று இருக்கும். முதல்முறை தைப்பவருக்கு அதில் இன்னொரு வசதி. கோடு போடவே வேண்டாம். நெசவிலேயே கட்டம் இருக்கிறது, அதன்மேலேயே ஊசியை ஓட்டிப் போகலாம்.

முதலில் சேலையை வெயிலுக்கு நேரே விரித்துப் பிடித்துப் பாருங்கள். நைந்த இடங்களில் வெளிச்சம் கூடுதலாகத் தெரியும். இடுப்பில் செருகுகிற பகுதியும் உட்காருமிடமும்தான் பெரும்பாலும் நைந்திருக்கும். அந்த இடங்கள் உள்ளடுக்குக்குப் போகிற மாதிரி மடிப்பைத் தள்ளி வைக்க வேண்டும். ஐந்தரை மீட்டர் சேலையை நீளவாக்கில் நான்காக மடித்தால் ஏறக்குறைய 1.35 மீட்டர் நீளத்தில் நான்கு அடுக்கு கிடைக்கும். கத்தரிக்கோலே வேண்டாம். வடநாட்டிலிருந்து வரும் மெத்தைகளில் நடுவே பஞ்சு வைப்பார்கள். நம் வெயிலுக்குப் பஞ்சு வேண்டாம், அடுக்கே போதும். வங்காளத்துக் காந்தா விரிப்புகளும் இப்படிப் பழஞ்சேலையை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டவைதான்.

தரையைத் துடைத்து, மடித்த சேலையைப் பரப்புங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையாக இருந்தால் நல்லது, வழவழப்பில் துணி சுருக்கமில்லாமல் படியும். நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவிவிட்டு, ஒரு சாண் இடைவெளியில் ஊக்கு குத்துங்கள். பிறகு மட்டமான நூலால் விரல் நீளத்தில் பெரிய பெரிய தையலாகக் குறுக்கும் நெடுக்கும் போட்டு அடுக்குகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். இது கடைசியில் பிரித்தெடுக்கிற தையல். பிரிக்கப்போகிறதுதானே என்று விட்டுவிட்டால், தைக்கத் தைக்க உள்ளடுக்கு நகர்ந்து மேலே புடைக்கும்.

ஆங்கர் எம்பிராய்டரி நூலில் மூன்று இழை பிரித்து, ஒரு முழம் நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நீளமிருந்தால் சிக்கும். நுனியில் சின்ன முடிச்சு. தொடங்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி மேலடுக்கில் மட்டும் ஊசியைச் செருகி, தொடங்கும் இடத்தில் வெளியே எடுத்து, நூலைச் சுண்டி இழுங்கள். முடிச்சு 'டப்' என்று உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். இனிக் கட்டத்தின் கோடு வழியே, அரிசி நீளத்துக்கு ஒரு தையலாக ஓட்டுங்கள். ஊசியில் மூன்று நான்கு தையலைச் சேர்த்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தால் வரி நேராக வரும். மேலே நன்றாக விழுந்து அடியில் ஊசி ஏறாமல் விட்டிருக்கிறதா என்று வரிக்கு வரி திருப்பிப் பாருங்கள்.

நடுவரியில் தொடங்கி இரண்டு பக்கமும் வெளியே வாருங்கள். வரிக்கும் வரிக்கும் இரண்டு விரல் இடைவெளி. நூலை இறுக்கிவிடாதீர்கள், துணி சுருங்கினால் தளர்த்திவிடலாம். நான்கு அடுக்கில் ஊசியைத் தள்ளித் தள்ளி நடுவிரல் நோகும் என்பதால் விரலுறை போட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்து வரி கோணலும் மாணலுமாகத்தான் வரும். பிரிக்க வேண்டாம். கை பழகப் பழகத் தையல் சீராகிக்கொண்டே போவது விரிப்பிலேயே தெரியும்.

இரண்டு பக்கமும் சேலையின் கரையே இருப்பதால் நூல் பிரியாது. நான்கு கரைகளையும் சேர்த்து நெருக்கமாக ஒரு வரி ஓட்டினால் போதும். மடிப்பு இருக்கும் பக்கங்களிலும் அப்படியே. திறந்திருக்கும் நுனிகளை ஒரு விரல் உள்ளே மடித்துத் தையுங்கள். அப்புறம் அந்தப் பெரிய தையலைப் பிரித்துவிட்டு, வெறும் தண்ணீரில் ஒருமுறை அலசி, பிழியாமல் நிழலில் கொடியில் போடுங்கள். நேர்வெயில் மிளகாய்க்கு நல்லது, கண்டாங்கி அரக்குக்கு ஆகாது.