பழைய கடனுக்கு வசூல் கடிதம் வந்தால் செய்யக்கூடாதவை

அமெரிக்காவில் சில ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்கு, எப்போதோ முடிந்துபோனதாக நினைத்த கிரெடிட் கார்டு பாக்கிக்காக, பெயரே கேள்விப்படாத ஒரு வசூல் நிறுவனத்திடமிருந்து கடிதம் வருவது அபூர்வமல்ல. பழைய கடன்கள் கட்டுக்கட்டாக, சொற்ப விலைக்குக் கைமாறுகின்றன. கடைசியாக வாங்கியவரிடம் பெயரும் தொகையும் அடங்கிய பட்டியலைத் தவிர வேறு ஆவணம் இல்லாமலும் போகலாம். கடிதத்தைக் கண்டவுடன் கடனை ஒப்புக்கொண்டு பேசத் தொடங்குவதே பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு.

இந்தத் தவறின் வேர், இரண்டு வெவ்வேறு காலக்கெடுக்களை ஒன்றாக எண்ணிக் குழம்புவதில் இருக்கிறது. வழக்குத் தொடுப்பதற்கான கெடுவை மாநிலச் சட்டம் தீர்மானிக்கிறது. பல மாநிலங்களில் அது 3 முதல் 6 ஆண்டுகள். ஒருவரின் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டில் கடன் இடம்பெறுவதற்கான கெடுவை மத்தியச் சட்டம் தீர்மானிக்கிறது. தவணை முதன்முதலில் தவறி, பிறகு சரிசெய்யப்படாமலே போன நாளிலிருந்து 180 நாட்களும் அதன்மேல் 7 ஆண்டுகளும் கழிந்தால் அந்தப் பதிவு நீங்கியாக வேண்டும். முதல் கெடு முடிந்த கடன் ரிப்போர்ட்டில் இன்னும் தெரியலாம். ரிப்போர்ட்டிலிருந்து மறைந்த கடனுக்கு ஒரு சில மாநிலங்களில் வழக்கும் வரலாம்.

தொலைபேசியில் பேசுபவர், "நல்லெண்ணத்துக்கு ஒரு 20 டாலர் கட்டுங்கள், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று கனிவாகக் கேட்பார். அந்தச் சிறு தொகையோ, கடன் என்னுடையதுதான் என்று எழுதித் தரும் ஒரு வரியோ, பல மாநிலங்களில் வழக்குக்கான கெடுவை மீண்டும் முதலிலிருந்து ஓடவைத்துவிடும். நியூயார்க் மாநிலத்தில் 2022-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் நுகர்வோர் கடனுக்கான கெடுவை 3 ஆண்டுகளாகக் குறைத்து, பணம் கட்டுவதால் அது புதுப்பிக்கப்படாது என்றும் ஆக்கியது. எல்லா மாநிலங்களிலும் இந்தப் பாதுகாப்பு கிடையாது என்பதால், தம் மாநிலத்தின் விதியைத் தெரிந்துகொள்ளும் முன் ஒரு டாலர்கூடக் கட்டாமலிருப்பது நல்லது.

கடன் விவரங்கள் அடங்கிய அறிவிப்பு கைக்கு வந்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் மறுத்தால், உரிய ஆதாரத்தை அனுப்பும்வரை அந்த நிறுவனம் வசூல் முயற்சியை நிறுத்திவைக்க வேண்டும். 1977-ஆம் ஆண்டின் கடன் வசூல் சட்டம் தரும் உரிமை இது. போனில் சண்டை போட்டுவிட்டு, மறுத்தாகிவிட்டது என்று இருந்துவிடுபவர்கள் இதை இழக்கிறார்கள். மூலக் கடன் கொடுத்தவர் யார், தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது என்று கேட்டு, கையொப்பத்துடன் ஒப்புகைச்சீட்டு திரும்பிவரும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, ஒரு நகலை வைத்துக்கொள்ள வேண்டும்.

ரிப்போர்ட்டைத் திருத்தக் கோரும்போதும் அவசரம் கெடுக்கிறது. ரிப்போர்ட் தயாரிக்கும் நிறுவனங்களான ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றின் ரிப்போர்ட்டுகளும் வாரம் ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும். மூன்றையும் பார்க்காமல் ஒன்றை மட்டும் திருத்துவது அரைவேலை. வசூல் நிறுவனத்தின் வரியில் 'தொடங்கிய தேதி' 2023 என்று இருந்தால் பலர் அதிர்ந்துபோகிறார்கள். அது கடன் அந்த வசூல் நிறுவனத்தின் கைக்கு வந்த தேதியாக இருக்கலாம். பார்க்க வேண்டியது தவணை முதன்முதலில் தவறிய தேதி. 2018 மார்ச்சில் தவறிய கடன் 2025 செப்டம்பருக்குப் பிறகு நிற்கக் கூடாது. கடன் எத்தனை கை மாறினாலும் அந்தத் தேதியைப் பிந்தையதாக மாற்றச் சட்டம் அனுமதிப்பதில்லை. தேதிதான் தவறு என்றால் அதை மட்டும் சொல்லி, பழைய ஸ்டேட்மென்ட்டை இணைக்க வேண்டும். கடன் தம்முடையதாக இருக்கும்போது, படிவத்தில் 'இது என் கணக்கே அல்ல' என்ற கட்டத்தை டிக் செய்வது பொய்யும்கூட, பயனற்றதும்கூட. முறையான புகாரை ரிப்போர்ட் தயாரிக்கும் நிறுவனங்கள் பொதுவாக 30 நாட்களில் விசாரித்து முடிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு, கடன்தான் காலாவதியாகிவிட்டதே என்று நீதிமன்றச் சம்மனைக் கிடப்பில் போடுவது. காலாவதியான கடனுக்கு வசூல் நிறுவனங்கள் வழக்குத் தொடுப்பதை 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த மத்திய விதி தடுத்தாலும், வழக்கு வந்துவிட்டால் கெடு முடிந்ததை நீதிபதி தாமாகத் தேடிப் பார்ப்பதில்லை. பிரதிவாதிதான் தம் பதிலில் அதை எழுப்ப வேண்டும். பதிலே தராதவர்மீது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வரும். அதன் பலத்தில், பல மாநிலங்களில், சம்பளத்திலேயே பிடித்தம் செய்ய முடியும்.