நெடுந்தீவை நடந்து பார்க்கும் முறை

யாழ்ப்பாணத்திலிருந்து நெடுந்தீவுக்குச் செல்வோர் பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை வழியாகப் புங்குடுதீவை அடைந்து, குறிகாட்டுவான் இறங்குதுறையில் படகேற வேண்டும். கடற்பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் எடுக்கும். மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் எனப்படும் தென்மேற்குக் காற்று கடலைக் கொந்தளிக்கச் செய்யும். ஐப்பசி, கார்த்திகையில் மாரி மழை குறுக்கிடும். ஆகவே, மழை ஓய்ந்து புல் இன்னும் பசுமையாக இருக்கும் தை, மாசி மாதங்களே நடப்பதற்கு ஏற்றவை.

தீவின் இறங்குதுறையான மாவிலித்துறையில் இறங்கியதும் ஓட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் பரப்புடையது என்பதால், தெற்கே போவதற்கு வாகனம் பிடிப்பதில் தவறில்லை. ஆனால் துறையை அண்டிய ஒழுங்கைகளை நடந்தே பார்க்க வேண்டும். வேலிகளுக்குப் பதிலாக இங்கே முருகைக்கல் மதில்கள் உள்ளன. சாந்து பூசாமல், கல்லின் மேல் கல்லாக அடுக்கப்பட்ட அவற்றை நெருங்கி நின்று பார்த்தால், ஒரு காலத்தில் உயிரோடிருந்த பவளத்தின் நுண்ணிய துளைகளும் பூப்போன்ற வரிகளும் ஒவ்வொரு கல்லிலும் தெரியும். நினைவுக்கென ஒரு கல்லை உருவினால் மேலுள்ளவை சரியும் என்பதால், கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதே நல்லது. ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூட்டையும் சிதைந்த கோட்டையையும் விரைவாகப் பார்த்து முடிக்கலாம். பெருக்கமரத்தடியில் மட்டும் சற்றுத் தங்குங்கள். அராபிய வணிகர் கொண்டுவந்ததாகக் கூறப்படும் அந்த ஆபிரிக்க மரத்தின் பொந்துக்குள் பலர் சேர்ந்து நிற்கலாம்.

மட்டக்குதிரைகள் மேயும் புல்வெளியே இத்தீவின் தலையாய காட்சி. போர்த்துக்கேயர் கொண்டுவந்து, ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் வளர்த்த குதிரைகளின் வழித்தோன்றல்களான இவை, இன்று எவருக்கும் உரியவையல்லாமல் திரிகின்றன. குட்டியோடு நிற்கும் குதிரையை நெருங்காமலும், தின்பண்டம் எதுவும் கொடுக்காமலும், எட்ட நின்று பார்க்க வேண்டும். வெளியில் நிழல் அரிது, கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பு. குடிநீரைத் தாராளமாகக் கொண்டு செல்லுங்கள்.

கதை கேட்க விரும்புவோர் ஊர்ப் பெரியவர் ஒருவரை, "ஐயா, வெடியரசன் கோட்டை எந்தப் பக்கம்?" என்று கேட்டால் போதும், வழியோடு கதையும் வந்துவிடும். கண்ணகியின் சிலம்புக்கு நாகரத்தினம் தேடிக் கடலேறிய மீகாமன் என்னும் கப்பற்தலைவனை, இத்தீவை ஆண்ட வெடியரசன் மறித்துப் போரிட்டான் என்பது ஈழத்துக் கண்ணகி கதை மரபு. கோட்டை என்று காட்டப்படுவது முருகைக்கற் குவியல்தான். கதையைக் கேட்காமல் போனால் ஏமாற்றமே மிஞ்சும். பாறையில் பதிந்த பெரிய பாதச்சுவட்டைச் சிலர் அனுமனுடையது என்பர், சிலர் பண்டைய அரக்கனுடையது என்பர். வளர்வதாக நம்பப்படும் கல்லை ஊரார் வழிபடுவதால், அதன்மேல் ஏறி நின்று படம் எடுப்பது தகாது.

தங்குமிடங்கள் சிலவே உள்ளமையால், காலையில் இறங்கும்போதே கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று துறையில் கேட்டு, அதற்கு அரை மணி முன்னராவது மாவிலித்துறைக்குத் திரும்பிவிடுங்கள்.