ஆட்டுக்கறிக்குப் பப்பாளிக்காய்: அளவும் நேரமும்

முற்றின ஆட்டுக்கறி வேக அடம்பிடித்தால், கிலோவுக்கு 2 டேபிள்ஸ்பூன் பப்பாளிக்காய் விழுது போதும். தோலோடு அரையுங்கள், பப்பைன் என்ற நொதி காயின் பாலில்தான் இருக்கிறது. பழம் உதவாது, பழுக்கும்போது பால் வற்றிவிடும்.

பப்பைன் கறியின் புரதச் சங்கிலிகளை வெட்டுகிறது. வெட்டியபின் அது தீர்ந்துபோவதில்லை. அதே மூலக்கூறு அடுத்த சங்கிலிக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். இத்துணூண்டு விழுது போதுவது அதனால்தான். இரவெல்லாம் ஊறினால் மேற்புறம் கூழாவதும் அதனால்தான். ஆனால் விழுது ஆழமாக இறங்காததால் உள்ளே விறைப்பாகவே இருக்கும். முள்கரண்டியால் குத்திவிட்டு, 30 முதல் 45 நிமிடம் ஊறவிடுங்கள்.

60-70 டிகிரி செல்சியஸில் பப்பைனின் வேகம் உச்சம். நன்றாகக் கொதித்தபின்தான் அடங்கும். எனவே சிறுதீயில் இழுக்காமல் சட்டெனக் கொதிக்கவிடுங்கள். குக்கரில் வழக்கத்தைவிட விசிலைக் குறைத்துக்கொள்ளுங்கள்.