முதல் ரிமோட் கார்: கடைக்குப் போவதற்கு முன் முற்றத்தைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் வீட்டு வாசலில், ஒரு தீபாவளி மத்தியானம், அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு சிவப்பு ரிமோட் கார்கள் நின்றுகொண்டிருந்தன. ஒன்று என் மகனுக்கு நான் வாங்கியது. மற்றது பக்கத்து வீட்டுப் பையனுக்கு அவனுடைய ஆயா வாங்கிக் கொடுத்தது. ஒரே கடை, ஒரே பெட்டி. என் மகன் முன்னால் போகும் பொத்தானை அழுத்தினான். இரண்டு காரும் கிளம்பின. பக்கத்து வீட்டுப் பையன் பின்னால் இழுத்தான். இரண்டும் விக்கி விக்கி நின்றன. "அங்கிள், அவன் என் காரையும் சேர்த்து ஓட்டுகிறான்" என்று ஒரு புகார். அடுத்த நிமிடமே எதிர்ப்புகார். ஆயா முறுக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே இருந்தார்.

அந்த இரண்டு காரும் பொங்கலைப் பார்க்கவில்லை. என் மகனுடையதில் ஐந்தாவது நாளே முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கை ஒடிந்தது. கடையில் போய்க் கேட்டேன். உதிரி பாகமெல்லாம் வருவதில்லை, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அதற்குப் பிறகு சில கார்களை வாங்கி, கழற்றி, மாட்டி, சிலதைக் கெடுத்தும் பார்த்துவிட்டேன். முதல்முறை வாங்குபவர்களுக்காக, எந்த வரிசையில் யோசித்தால் காசு வீணாகாதோ அந்த வரிசையில் எழுதுகிறேன்.

முதல் படி: எங்கே ஓடப் போகிறது?

கடையில் கண்ணுக்குப் படுவது காரின் பளபளப்பு. வீட்டுக்கு வந்ததும் அது சந்திக்கப் போவது உங்கள் தரையை. இங்கே பாதி வீடுகளில் கிகூயு புல். மெத்தை மாதிரி அடர்ந்து, கம்பளம் போலப் படர்ந்து கிடக்கும். தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார் அதில் இரண்டு அடி போகும், அப்புறம் வயிறு தட்டி நின்றுவிடும். சக்கரம் மட்டும் சுற்றும், மோட்டார் சூடாகும், பையன் அழுவான்.

அதனால் வாங்கும்போது காரைத் தரையில் வைத்து, அதன் அடிவயிற்றுக்குக் கீழே கையை நுழைத்துப் பாருங்கள். புல்லில் ஓட வேண்டுமென்றால் இரண்டு விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நுழைக்கும் அளவு இடைவெளி வேண்டும். பெரிய, கட்டைகட்டையான டயர் வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இருந்தால் இன்னும் நல்லது. செங்கல் பாவிய முற்றம், சிமெண்ட் டிரைவ்வே என்றால் எந்த வண்டியும் ஓடும். வீட்டுக்குள் டைல்ஸ் தரையில் மட்டும்தான் என்றால் உள்ளங்கை நீளத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும் குட்டி வண்டியே போதும்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், அங்கே வீட்டை விட்டு இறங்கினாலே மேடும் சரிவும்தான். அப்படிப்பட்ட இடத்துக்கு 'கிராலர்' என்ற வகை இருக்கிறது. நடை வேகத்தில் போகும், ஆனால் கல், படி, வேர் எல்லாவற்றிலும் ஏறும். சின்னப் பிள்ளைகளுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன். வேகமில்லாததால் உடையாது, காரின் பின்னாலேயே நடந்து போய் ரசிக்கலாம்.

கடற்கரைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். பெட்டியில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று போட்டிருப்பது மழைத்தூறலுக்கும் சேற்றுக்குட்டைக்கும்தான். உப்புத்தண்ணீர் பட்டால் பேரிங்கும் மோட்டாரும் துருப்பிடிக்க ஒரு வாரம் போதும். மணல் பல்சக்கரத்துக்குள் போனால் அரைத்துத் தின்றுவிடும்.

இரண்டாம் படி: அளவுக் கணக்கு

பெட்டியில் 1:10, 1:18, 1:24 என்று போட்டிருக்கும். நிஜக் காரை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்பது இதன் பொருள். நாலரை மீட்டர் நீளமுள்ள காரை எடுத்துக்கொண்டால், 1:10-இல் அது 45 சென்டிமீட்டர், 1:18-இல் 25, 1:24-இல் 19-க்குக் கொஞ்சம் குறைவு. பின்னால் உள்ள எண் பெரிதானால் வண்டி சிறிது. இதில் ஏமாந்து, இணையத்தில் வாங்கிவிட்டு, தீப்பெட்டி மாதிரி வந்திருக்கிறதே என்று புலம்பியவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாம் படி: பிள்ளையின் வயது

மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம். கழன்று வரும் சின்னப் பாகம் நேரே வாய்க்குள் போகும். மூன்றிலிருந்து ஐந்து வரை, முன்னால் போக ஒன்று, பின்னால் திரும்ப ஒன்று என இரண்டே பொத்தான் உள்ள பொம்மை போதும். ஆனால் ரிமோட்டின் பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு மூடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். காசு மாதிரி இருக்கும் பட்டன் செல் உள்ள ரிமோட்டைத் தவிர்த்துவிடுங்கள். அதை விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாய் இரண்டு மணி நேரத்திலேயே வெந்துபோகத் தொடங்கும். இதில் மட்டும் விளையாட்டே கிடையாது.

ஆறிலிருந்து எட்டு வயதுக்கு 1:16 அல்லது 1:18 சரியாக இருக்கும். ஒன்பது, பத்து வயதில் பெரியவர் துணையோடு 1:10 ஓட்டலாம். இரண்டு கிலோ எடையுள்ள வண்டி வேகமாக வந்து கணுக்காலில் இடித்தால் என்ன ஆகும் என்று எனக்குச் சொந்த அனுபவம் உண்டு.

நான்காம் படி: பொம்மையா, வண்டியா?

இதுதான் நான் அந்தத் தீபாவளிக்குத் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம். வெளியில் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஒன்று பொம்மை ரகம். உள்ளே ஒரே சர்க்யூட் பலகையில் எல்லாம் ஒட்டப்பட்டிருக்கும், ஒன்று போனால் மொத்தமும் போச்சு. மற்றது ஹாபி ரகம். ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர், மோட்டார், திருப்பும் வேலையைச் செய்யும் சர்வோ, வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. என்று தனித்தனியாக இருக்கும். விலை கூடுதல்தான். பொம்மை சில நூறு ரேண்டில் முடியும், இது ஆயிரங்களில் தொடங்கும். ஆனால் உடைந்த பாகத்தை மட்டும் வாங்கி மாற்றலாம்.

கடையில் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. காரைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ரிமோட்டின் ஸ்டீயரிங்கை மெதுவாகப் பாதி திருப்புங்கள். முன்சக்கரமும் பாதி திரும்பினால் நல்ல வண்டி. 'டக்' என்று கடைசி வரை ஒடிந்து திரும்பினால் பொம்மை. என் முதல் கார் 'டக்' ரகம். நாலு ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தபோது, உள்ளே நகத்தளவு மோட்டார் ஒன்று, திருப்பு, திருப்பாதே என்ற இரண்டே சொல் தெரிந்த மோட்டார், உட்கார்ந்திருந்தது. அந்தக் காரை வைத்துக்கொண்டு பையனுக்கு வளைவில் ஓட்டக் கற்றுத்தர நான் பட்ட பாடு!

அடுத்து கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி: "இதன் முன்கையும் பல்சக்கரமும் தனியாகக் கிடைக்குமா?" கிடைக்கும் என்றால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

கம்பெனிப் பெயர் கேட்பீர்கள். ஜப்பானின் டாமியா 1976-இல் போர்ஷே 934 ரிமோட் காரை வெளியிட்டதிலிருந்து இந்தத் துறையில் இருக்கிறது. அவர்களுடைய கிட் பெரும்பாலும் பாகம் பாகமாக வரும், நாமே கோத்து எடுக்க வேண்டும். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து இரண்டு வாரக் கடைசியைக் கழிக்க அதைவிட நல்ல வேலை இல்லை. ஆனால் ரிமோட், பேட்டரி, சார்ஜர் மூன்றும் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டியிருக்கும் என்பதைக் கவனியுங்கள். அமெரிக்க டிராக்ஸஸ் வண்டிகள் பலவற்றில், சக்தியைப் பாதியாகக் குறைக்கும் பயிற்சி முறை இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது பெரிய வசதி. கையைக் கடிக்காத விலையில் சீனாவின் டபிள்யூ.எல்.டாய்ஸ் கார்கள் கிடைக்கும். தரம் ஏற்ற இறக்கம்தான், ஆனால் உதிரி பாகம் மலிவு. என் பங்குக்கு, எட்டு வயது வரை மூன்றாவதைத்தான் வாங்குவேன்.

பெட்ரோல் போல எரிபொருள் ஊற்றி ஓட்டும் நைட்ரோ வண்டி பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். சத்தம், புகை, சூடு. அதிலும் 1,700 மீட்டர் உயரத்துக்கு மேலே இருக்கும் ஜோகன்னஸ்பர்க்கில் காற்று மெலிது, அதற்கேற்ப எஞ்சினை வேறு திருகித் திருகிச் சரிசெய்துகொண்டிருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: ரிமோட்

2.4 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்க வேண்டும். எங்கள் தீபாவளி ரகளைக்குக் காரணம், இரண்டு காருமே 27 மெகாஹெர்ட்ஸ் என்ற பழைய அலைவரிசையில் ஓடியதுதான். எந்த ரிமோட் யாருடையது என்று காருக்குத் தெரியாது. புது முறையில் ஒவ்வொரு காரும் தன் ரிமோட்டோடு ஜோடி சேர்ந்துகொள்ளும், பக்கத்தில் பத்துப் பேர் ஓட்டினாலும் குழப்பமில்லை.

துப்பாக்கிப் பிடி மாதிரி, பக்கவாட்டில் சின்னச் சக்கரம் உள்ள ரிமோட் பிள்ளைகளுக்கு எளிது. வேகத்துக்கு உச்சவரம்பு வைக்கும் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால், மணிக்கு 40 கிலோமீட்டர் போகும் காரையும் முதல் மாதம் நடை வேகத்திலேயே வைத்திருக்கலாம்.

ஆறாம் படி: பேட்டரியும் சார்ஜரும்

பேட்டரியில் இரண்டு எண் இருக்கும். வோல்ட் என்பது வேகத்தைத் தரும் அழுத்தம், எம்.ஏ.எச். என்பது தொட்டியின் கொள்ளளவு. 1500 எம்.ஏ.எச். பேட்டரியிலிருந்து கார் சராசரியாக 6 ஆம்பியர் உறிஞ்சினால் கால் மணி நேரம் ஓடும். யூ.எஸ்.பி. ஒயரில் சார்ஜ் ஏற இரண்டு, மூன்று மணி நேரம். கால் மணி ஓட்டம், மூன்று மணி காத்திருப்பு என்றால் எந்தப் பிள்ளை சும்மா இருக்கும்? கார் வாங்கும்போதே இன்னொரு பேட்டரி சேர்த்து வாங்கிவிடுங்கள்.

நிக்கல் வகை கனம், ஆனால் கரடுமுரடாகக் கையாண்டாலும் தாங்கும். லித்தியம் அயன் இப்போது பரவலாக வருகிறது. லிப்போ (லித்தியம் பாலிமர்) எடை குறைவு, முறுக்கு அதிகம். ஆனால் ஒரு செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிட்டால் கெட்டுவிடும், அடிபட்டால் தீப்பிடிக்கும். அதற்கென்று உள்ள சார்ஜரில்தான், பெரியவர் கண்முன்னால்தான், டைல்ஸ் மேல் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். அப்பளம் மாதிரி உப்பிய பேட்டரியைத் திரும்பப் பயன்படுத்தவே கூடாது. இதையெல்லாம் கவனிக்க நேரமில்லை என்றால் முதல் காருக்கு லிப்போ வேண்டாம், அவ்வளவுதான்.

யூ.எஸ்.பி. சார்ஜருக்கு இங்கே ஒரு தனி மதிப்பு உண்டு. 2023-இல் லோட் ஷெடிங் மிக மோசமாக இருந்தபோது, கரண்ட் போன மாலைகளில் பவர் பேங்க்கில்தான் எங்கள் காருக்குச் சார்ஜ் ஏறியது.

ஊரிலிருந்து யாராவது வாங்கி வருவதாக இருந்தால் இரண்டு விஷயம். ஒன்று, இந்தியாவின் சின்ன பிளக் இங்கே நுழையாது. அங்கே ஏ.சி.க்கும் கீசருக்கும் போடும் பெரிய பிளக்தான் இந்த நாட்டுச் சுவரில் பெரும்பாலும் பொருந்தும், மற்றதற்கு அடாப்டர் வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த சார்ஜர் என்றால் 100-240 வோல்ட் என்று அதன் மேல் எழுதியிருக்கிறதா பாருங்கள். வெறும் 110 என்றால் நம் 230 வோல்ட்டில் புகைந்துவிடும். இரண்டு, உதிரி லித்தியம் பேட்டரியைச் செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. முனைகளுக்கு டேப் ஒட்டிக் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். வரம்பு 100 வாட்-ஹவர். 7.4 வோல்ட், 1500 எம்.ஏ.எச். பேட்டரி 11-ஐத்தான் தொடும், பயமில்லை.

ஏழாம் படி: முதல் நாள்

முதலில் ரிமோட்டைப் போடுங்கள், அப்புறம் காரை. நிறுத்தும்போது முதலில் கார், அப்புறம் ரிமோட். மாற்றிச் செய்தால், வழிகாட்ட ஆளில்லாத கார் தன்பாட்டுக்குப் பாயக்கூடும். எங்கள் காம்ப்ளெக்ஸில் ஒரு வண்டி அப்படி நேரே நீச்சல் குளத்துக்குள் போனது.

காரை ஒரு டப்பாவின் மேல் தூக்கி வைத்து, சக்கரங்கள் காற்றில் சுற்றும்படி ஒருமுறை சோதியுங்கள். பிறகு நேர்கோட்டில் விடுங்கள். ஒரு பக்கம் இழுத்தால் ரிமோட்டில் 'டிரிம்' என்ற குட்டித் திருகைக் கொஞ்சம் திருப்பினால் நேராகும்.

பிள்ளைகள் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கார் நம்மை விட்டுப் போகும்போது வலது வலதாக இருக்கும். நம்மை நோக்கி வரும்போது தலைகீழ். "நீ காருக்குள் உட்கார்ந்திருக்கிறாய், டிரைவர் கையை நினைத்துக்கொள்" என்று சொல்லிப் பாருங்கள். நாலு ஜோடி செருப்பை இடைவெளி விட்டு வரிசையாக வைத்து, நடுவில் எட்டு போட விட்டால் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். ரோட்டோரமும் குளத்தோரமும் கூடாது. ஓடும் காரின் பின்னாலேயே பிள்ளையும் ஓடும், எதிரே என்ன வருகிறது என்று பார்க்காது.

எட்டாம் படி: ஓட்டிய பிறகு

பேட்டரியைக் கழற்றி வையுங்கள். டர்பன் பிப்ரவரி வெயிலில் கார் டிக்கியில் விட்டுவிடாதீர்கள். ஈரமானால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள்.

வண்டி திடீரென்று மெதுவாகிவிட்டதா? பேட்டரியைச் சந்தேகிக்கும் முன் பின்சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டில் பத்தில் எட்டு முறை அச்சில் சுற்றியிருப்பது தலைமுடி. அம்மாவுடையதும் தங்கச்சியுடையதும், கொஞ்சம் கம்பளத்து நூலும், கயிறு திரித்தது போல இறுகிக் கிடக்கும். பழைய சாமணம் ஒன்றும் குட்டிக் கத்திரிக்கோலும் போதும்.

ஹாபி ரக வண்டிகளில் பெரும்பாலும் தலையில் அறுகோணக் குழி உள்ள ஸ்க்ரூ வரும். 1.5, 2, 2.5 மில்லிமீட்டர் ஆலன் கீ மூன்றையும் காரோடு சேர்த்தே வாங்கி, பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டு வையுங்கள். எங்கள் டப்பாவில் இப்போது இரண்டு முன்கை, ஒரு பல்சக்கரம், பெயர் தெரியாத ஏழு ஸ்க்ரூ இருக்கின்றன. 2 மில்லிமீட்டர் கீ மட்டும் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் வாங்கிப்போய் மூன்று வாரமாகிறது.