முதலில் பழைய மருந்தை டாக் பண்ணிப் பாருங்கள்

டாக்கிங், அதாவது ஒரு மூலக்கூறு புரதத்துக்குள் எப்படி உட்காரும் என்று கணினியில் கணிப்பதை, கற்றுக்கொள்ள வரும் மாணவர்கள் தங்கள் புது மூலக்கூறோடுதான் வருவார்கள். அது அப்புறம். விடை ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். எச்ஐவி வைரஸின் என்சைமான புரோட்டியேஸுக்குள் இண்டினாவிர் மருந்து உட்கார்ந்திருக்கும் 1எச்எஸ்ஜி என்ற படிக அமைப்பு அதற்கு நன்றாகப் பொருந்தும். புரத அமைப்புகளைச் சேமித்து வைக்கும் பிடிபி தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. டாக்கிங் செய்யும் மென்பொருளான ஆட்டோடாக் வினாவும் (Vina) இலவசம்தான்.

கோப்பைத் திறந்ததும் தண்ணீரை எல்லாம் அழித்துவிடாதீர்கள். மருந்துக்கும், மேலே மூடியிருக்கும் இரு மடல்களின் ஐசோலூசின் 50-களுக்கும் நடுவே ஒரு நீர் மூலக்கூறு ஹைட்ரஜன் பிணைப்புகளோடு நிற்கிறது. கோப்பில் அதன் எண் 308. அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நீரை நீக்குங்கள். அடியில் இரண்டு ஆஸ்பார்டிக் அமிலம் 25-கள் நெருங்கி இருக்கும். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் புரோட்டான் கொடுங்கள்.

அடுத்து இண்டினாவிர். படிகத்தில் இருக்கும் வடிவத்தையே எடுத்துக் கொடுத்தால் சோதனை சுலபமாகிவிடும், ஏனென்றால் வினா பிணைப்புகளைத்தான் சுழற்றும், வளையங்களின் வடிவத்தை மாற்றாது. அதனால் முப்பரிமாண வடிவத்தைப் புதிதாக உருவாக்குங்கள். படிகத்தில் மருந்து இருந்த இடத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஐந்தாறு ஆங்ஸ்ட்ராம் விட்டு, வினா தேட வேண்டிய இடத்துக்குப் பெட்டி போடுங்கள். சுழலும் பிணைப்புகள் பத்துக்கு மேல் இருப்பதால், தேடலின் ஆழத்தை (exhaustiveness) வழக்கமான 8-லிருந்து 32-க்கு உயர்த்துவேன்.

ஓடி முடிந்ததும், படிகத்தில் இருந்த நிலையோடு ஒப்பிட்டு ஆர்எம்எஸ்டி, அதாவது அணுக்கள் சராசரியாக எவ்வளவு விலகியிருக்கின்றன என்ற அளவை, பாருங்கள். 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் சரி. அதைவிட மிகப் பெரிய எண் வந்தால் உடனே சோர்ந்துவிட வேண்டாம், படத்தைத் திறந்து பாருங்கள். இந்த என்சைம் தலா 99 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே மாதிரியான இரண்டு சங்கிலிகளால் ஆனது. 180 டிகிரி திருப்பினாலும் ஏறக்குறைய அதேதான். ஆகவே மருந்து தலைமாறி உட்கார்ந்திருந்தாலும் அது சரியான விடையாக இருக்கலாம். ஏ சங்கிலியை பி மேலும், பி-யை ஏ மேலும் பொருத்தி, மருந்தையும் கூடவே திருப்பி, மறுபடி அளந்து பாருங்கள். ஆர்எம்எஸ்டி எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நல்ல முடிவைத் தூக்கிப் போடுவது எனக்கு உண்மையிலேயே மனம் பொறுக்காத விஷயம்.

வினா கொடுக்கும் மதிப்பெண்ணுக்கு, அதாவது அது கணிக்கும் பிணைப்பு ஆற்றலுக்கு, அளவுக்கு மீறிய மரியாதை கொடுக்காதீர்கள். வினாவை உருவாக்கியவர்களே 2010-இல் அதன் திட்டப் பிழையை (standard error) மோலுக்கு 2.85 கிலோகலோரி என்று சொல்லியிருக்கிறார்கள். பிணைப்பு வலிமை பத்து மடங்கு மாறுவதற்கு சுமார் 1.4 கிலோகலோரி போதும். அப்படியிருக்க, −9.1 வந்த மூலக்கூறு −8.7 வந்ததைவிடச் சிறந்தது என்று கட்டுரையில் எழுதுவது நியாயமில்லை.

இதெல்லாம் தேறிய பிறகு, அதே பெட்டி, அதே அமைப்புகளோடு உங்கள் மூலக்கூறை ஓட்டுங்கள். 308-ஆம் நீரை வைத்து ஒரு முறை, எடுத்துவிட்டு ஒரு முறை. 1990-களில் வந்த வளைய யூரியா தடுப்பான்கள் அந்த நீரைத் தள்ளிவிட்டு அதன் இடத்தைத் தாங்களே பிடிக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. உங்களுடையதும் அப்படிப்பட்டதாக இருக்கலாம்.