யூரின் டியூபோடு வீட்டுக்கு வந்தவரைத் தொற்று அண்டாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பக்கவாதம், முதுகுத்தண்டில் அடி, புராஸ்டேட் வீக்கம் என்று பல காரணங்களால் ஃபோலி கதீட்டரோடு (சிறுநீர்ப்பைக்குள் போடும் டியூப்; உள்முனையில் இருக்கும் சிறு பலூன் அதை நழுவாமல் பிடித்திருக்கும்) நோயாளியை வீட்டுக்கு அனுப்புவார்கள். கிளம்பும் முன் நர்ஸிடம் மூன்று விவரம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: டியூப் போட்ட தேதி, அது லேட்டக்ஸா முழுச் சிலிகானா, உள்ளே பலூனில் எத்தனை மி.லி. நீர் இருக்கிறது (பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 10). சாதா லேட்டக்ஸ் டியூபை 2 முதல் 4 வாரத்துக்குள் மாற்ற வேண்டியிருக்கும். சிலிகான் 12 வாரம் வரை தாங்கும். அதோடு, இதை எப்போது எடுக்கலாம் என்றும் கேளுங்கள். தேவையில்லாத டியூபை எடுத்துவிடுவதை விடப் பெரிய தடுப்பு எதுவும் இல்லை.

டியூப் இருக்கும் ஒவ்வொரு நாளும் 100 பேரில் 3 முதல் 7 பேருக்குச் சிறுநீரில் புதிதாகக் கிருமி சேர்கிறது. ஒரு மாதம் கடந்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும். இவை டியூபின் சுவரில் ஒட்டி, வழவழப்பான ஒரு படலத்தைச் சுரந்து அதற்குள் பதுங்கிக்கொள்கின்றன. அந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமியை ஆன்டிபயாடிக்கால் முழுவதும் அழிக்க முடியாது. ஆகவே கிருமியே இல்லாமல் செய்ய முயல வேண்டாம். அது சேர்வதைத் தள்ளிப்போடுவதும், சிறுநீரகத்துக்கும் ரத்தத்துக்கும் ஏறாமல் பார்ப்பதும்தான் நம் வேலை.

தினமும் ஒருமுறையும், மலம் கழித்த பிறகும் கழுவுங்கள். முதலில் உங்கள் கையை சோப்பு போட்டு 20 விநாடி கழுவுங்கள். டியூப் உடலுக்குள் நுழையும் இடத்தில் ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, சோப்பு நீரில் நனைத்த சுத்தமான துணியால் அங்கிருந்து வெளிப்பக்கமாக ஒரு சாண் தூரம் துடையுங்கள். திரும்ப உள்நோக்கித் துடைக்காதீர்கள். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத்தான் துடைக்க வேண்டும். ஆண்களுக்கு முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவியதும் மறக்காமல் முன்னுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அப்படியே விட்டால் தோல் வீங்கி இறுகி, அவசர சிகிச்சை தேவைப்படும். டெட்டால், பவுடர், ஆயின்மென்ட் எதுவும் வேண்டாம். அவை புண்ணாக்குமே தவிரத் தொற்றைக் குறைப்பதில்லை.

டியூபும் சிறுநீர் சேரும் பையும் இணையும் இடத்தைக் கழற்றவே கழற்றாதீர்கள். கிருமிக்கு எளிதான வாசல் அதுதான். பை மாற்றும் நாளில் மட்டும், கை கழுவிவிட்டு, புதுப் பையின் நுனி எதிலும் படாமல் மாட்டுங்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே இருக்கட்டும், தரையில் படக் கூடாது. நோயாளியைத் தூக்கி மாற்றும்போது பையை வயிற்றின் மேல் வைப்பது பல வீடுகளில் நடக்கிறது. பையில் தேங்கிய சிறுநீர் அப்படியே உள்ளே திரும்பிப் போகும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள், பையின் அடியில் உள்ள வடிகுழாய் முனை பாத்திரத்தைத் தொடாமல். டியூப் இழுபடாதபடி சற்றுத் தொய்வு விட்டு, தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டுங்கள்.

திடீரென்று சிறுநீர் வரவில்லையா? முதலில் டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா, உடம்புக்கடியில் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தும் வராமல் அடிவயிறு கெட்டியாக இருந்தால் உடனே மருத்துவமனை. புரோட்டியஸ் என்ற கிருமி யூரியாவைப் பிளந்து அம்மோனியா ஆக்கும், சிறுநீர் காரத்தன்மை அடையும், உப்புகள் படிந்து டியூபின் துவாரம் சுண்ணாம்பு போல அடைத்துக்கொள்ளும். அடிக்கடி இப்படி அடைபடுபவருக்கு டியூபை முன்னதாகவே மாற்ற வேண்டும். டியூபின் பக்கவாட்டில் கசிந்தால், இன்னும் தடிமனான டியூப் கேட்காதீர்கள். பல நேரம் காரணம் மலச்சிக்கல்தான்.

பை ஊதா நிறமானால் பயப்பட வேண்டாம். மலச்சிக்கல் உள்ள முதியவர்களுக்குச் சில கிருமிகள் சிறுநீரில் உண்டாக்கும் சாயம் அது. கலங்கலும் நாற்றமும் மட்டும் இருந்தால் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்ப்பதில்தான் முடியும்.

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவில் வலி, சிறுநீரில் ரத்தம், முதியவருக்குத் திடீர்க் குழப்பம் ஆகியவற்றில் எது வந்தாலும் தாமதிக்காதீர்கள். டியூப் போட்டு 2 வாரம் தாண்டியிருந்தால், அதை மாற்றிவிட்டு, புது டியூபிலிருந்து கல்ச்சருக்கு (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) சிறுநீர் மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பையிலிருந்து எடுத்த மாதிரி, தேங்கிய நீரில் பெருகிய கிருமியைத்தான் காட்டும்.